மாவடிப்பள்ளித் தாம்போதி

கூடார வண்டிலின் திரையில் பார்வைக்கு ஓட்டை போடுவதற்குக் கத்தரிக்கோல் உதவாது. வெட்டினால் அகப்பட்டுக்கொள்வோம். கொண்டையூசியை நுழைத்து, ஊடு நூலை மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் ஒரு கண் அளவுக்கு இடம் வரும். இறங்கும் நேரத்தில் நகத்தால் இழுத்துவிட்டால் மூடிக்கொள்ளும். மருதமுனையில் எங்கள் வாப்பாவுக்குத் தறிகள் இருந்தன; அதனால் இந்த வித்தை எனக்கும் மூத்தவளான ராத்தாவுக்கும் ஒருவரும் சொல்லித்தராமலே வந்தது. இன்று என்னைப் பயண எழுத்தாளர் என்று மேடையில் அறிமுகம் செய்கிறார்கள். என் ஆரம்பப் பயணங்கள் எல்லாம் ஒற்றைக் கண்ணால் செய்தவை என்று சொன்னால் சபையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன?

ராத்தாவின் மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் தன் வளவை விட்டு அசையமாட்டாள். அரசாங்கத்துக்கு இந்தச் சங்கதி தெரியாது. ஐம்பதுகளில் மச்சானை மன்னாருக்கு மாற்றினார்கள், பிறகு புத்தளத்துக்கு, பிறகு அம்பாந்தோட்டைக்கு. அவர் பள்ளிக்கூடம் போன நேரத்தில் ராத்தா அந்நிய ஊரில் தனியாக இருக்கக்கூடாது என்று துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். எனக்கு அப்போது கல்யாணம் பேசத் தொடங்கியிருந்த காலம். “ஊரூராச் சுத்துற கொமர ஆர் எடுப்பான்?” என்று உம்மா முனகிக்கொண்டே என் பெட்டியைக் கட்டினார். எனக்கென்றால் உள்ளுக்குள் பெருநாள்.

மட்டக்களப்பில் ரயில் ஏறியதும் மச்சான் செய்கிற முதல் வேலை, பெட்டியின் மூலையில் கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவது. அதற்குள் நாங்கள் இருவரும் புகையிலை மூட்டை மாதிரிக் கிடப்போம். வண்டிலில் போனால் ராத்தா இடது பக்கத்துத் திரையில் கண்ணை வைப்பாள், நான் வலது பக்கம். எந்த ஊரையும் நான் பாதிதான் பார்த்திருக்கிறேன். மற்றப் பாதியை இரவுச் சோற்றுக்குப் பிறகு ராத்தா சொல்லுவாள். அவள் சொல்லும்போது இல்லாததையும் கொஞ்சம் சேர்ப்பாள், எனக்குத் தெரியும். மன்னாரில் கழுதைகள் வீதி முழுக்கத் தம் பாட்டில் திரிந்தன. “இஞ்ச பாரு புள்ள, கழுதக்கி ஒரு திர இல்ல, ஒரு முக்காடில்ல. குடுத்து வெச்சது” என்று என் தொடையில் கிள்ளினாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் மச்சான் வெளியிலிருந்து தொண்டையைச் செருமினார்.

அம்பாந்தோட்டையில் மலாய்ப் பெண்கள் குடையும் கூடையுமாகச் சந்தைக்கு நடந்து போனார்கள். நடுவீதியில் நின்று மீன்காரனோடு விலை பேசினார்கள். அவர்கள் மறையும் வரை ராத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “அவங்களும் நம்மட ஆக்கள்தானே? அஞ்சு நேரமும் தொழுறவங்கதானே?” என்றாள். நான் ஓம் என்றேன். 

புத்தளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். உப்பளத்து வெய்யிலில், காற்றுப் புகாத கூடாரத்துக்குள் நீண்ட பயணம் போய் வந்த மறுநாள் ராத்தாவுக்கு வயிற்றில் தங்கியிருந்தது கலைந்து போனது. அவள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நெடுங்காலம் ஒன்றும் தங்கவில்லை. கடைசியில் மச்சானை வரிப்பத்தான்சேனைக்கு மாற்றினார்கள். ஊருக்குக் கிட்டத்தான் வந்துவிட்டோம் என்று ஆளுக்கொரு யாஸீன் ஓதினோம். சுற்றிவர வயல், வாய்க்கால், மாலையானால் நுளம்புக் கடி. அந்த ஊருக்கு வந்த சில மாதத்தில் ராத்தாவுக்குப் பிள்ளை தங்கியது. இந்தப் பிள்ளையை எப்படியாவது கையில் ஏந்திவிட வேண்டும், அதைத் தவிர எங்கள் மூன்று பேருக்கும் வேறு நினைப்பே இருக்கவில்லை.

எங்கள் வழக்கப்படி தலைப்பிள்ளைப் பேறு அவளுடைய சொந்த வளவில், உம்மாவின் கைப்பக்கத்தில் நடக்க வேண்டும். மழை குறைந்ததும் மருதமுனைக்குக் கூட்டிப் போவதாகப் பேசி வைத்திருந்தோம். அந்த மாரியோ பொல்லாத மாரி. பிடித்த மழை விடவேயில்லை. ராத்தாவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய ராத்தா என்னைக் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு நான் துள்ளி எழுந்தேன். விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தால் பாய் நனைந்து கிடந்தது. இரத்தம்.

ஊர் மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டே, “இது என்ர கைக்கி அடங்காது மகள். கல்முன ஆசுபத்திரிக்கிக் கொண்டு போங்க. நிக்காதீங்க” என்றாள். கூட வரும்படி அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவளுடைய மகளுக்கும் அன்று காலைதான் பேற்று நோக்காடு கண்டிருந்தது. எந்தத் தாய்தான் வருவாள்?

கார் பிடிக்க மச்சான் சைக்கிளில் ஓடினார். கார்க்காரர் தண்ணீருக்குள் இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசியில் வண்டில்தான். வண்டில்காரக் காக்கா நல்ல மனிதர். வைக்கோலை மெத்தையாகப் பரப்பி, மேலே பாய் விரித்து, திரையை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினார். காற்றில் விலகக்கூடாது என்று ஓரங்களில் கூடுதலாக முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சுகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சம்மாந்துறையில் மருந்துச்சாலை அப்போதிக்கரியிடம் நிறுத்தினோம். அவர் குடையோடு வண்டிலுக்கு வந்தார். திரைக்கு வெளியே ராத்தாவின் கையை மட்டும் நீட்டச் சொல்லி நாடி பார்த்தார். கேள்வியெல்லாம் மச்சானிடம் கேட்டார்.

“ரெத்தம் கூடவா போகுது மாஸ்டர்?”

“கொஞ்சம்” என்றார் மச்சான்.

கொஞ்சமாம்! உள்ளே நான் பழைய சாரன் துணிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். வைக்கோல் வரைக்கும் இறங்கிவிட்டது. பக்கத்தில் சனம் நின்றது. அந்தச் சனத்துக்கு நடுவில் தன் பெண்சாதியின் உடம்பைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்ல அவருக்கு நாக்கு எழும்பவில்லை. மச்சான் கெட்டவரல்ல. ராத்தாவுக்குக் கால் வலித்தால் கதவைச் சாத்திவிட்டு எண்ணெய் தேய்த்துவிடுகிற மனிதர். கதவைச் சாத்தினால்தான் அவருக்கு எதுவும் வரும். “கெதியாப் போங்க, தாம்போதியில தண்ணி ஏறுது” என்று சொல்லி அப்போதிக்கரி அனுப்பிவிட்டார்.

பாலம் கட்டாமல் வீதியையே தாழ்த்திப் போட்டு, அதன் மேலால் ஆற்றை ஓடவிட்டிருக்கும் இடத்தைத் தாம்போதி என்போம். மாவடிப்பள்ளித் தாம்போதியைத் தாண்டினால் காரைதீவு, அங்கிருந்து கல்முனை எட்டிப் பிடிக்கிற தூரம். பின்னேரம் அஸர் நேரத்துக்கு நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவு தண்ணீர் வீதிக்குக் குறுக்கே செம்மண் நிறத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. நான் திரையில் கண்ணை வைத்தேன்.

நெல் மூட்டை ஏற்றிய வண்டில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. இரண்டு சக்கரத்துக்கும் ஆட்கள் தோள் கொடுத்து, கூவிக் கூவித் தள்ளினார்கள். வயற்காரர்கள், சைக்கிளில் துணி விற்கிற ஒருவர், இரண்டு மீன்காரர். அந்த வண்டிலைக் கரையேற்றிவிட்டுத் திரும்பி வந்து, புல்லுப் பிடுங்கப் போய் வந்த ஒரு ஏழைக் கிழவியை ஒருவர் அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். “போட்டிராதடா மகனே!” என்று அவள் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

“ராத்தா, ஆக்கள் நிக்காங்க. எல்லாரையும் அக்கரைக்கித் தள்ளி உடுறாங்க. இந்தா, போயிடுவம்” என்றேன்.

அவள் உதட்டில் நிறமில்லை. “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

எங்கள் வண்டில் கிட்டப் போனது. திரையைக் கண்டதும் அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். “பொண்டுகள் வண்டில்” என்று ஒருவர் சொன்னார். அவிழ்த்துப் போட்டிருந்த சட்டையைச் சிலர் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். எல்லோரும் ஓரமாக ஒதுங்கி, முதுகை எங்களுக்குக் காட்டி, வயலைப் பார்த்து நின்றார்கள். அது மரியாதை. நல்ல குடும்பத்துப் பெண் கடந்து போகும்போது நல்ல ஆண்பிள்ளைகள் அப்படித்தான் நிற்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, மூச்சு விடுகிற மாதிரி அது தானாக நடக்கும்.

மச்சான் இறங்கிப் போய் ஸலாம் சொன்னார். எங்கே பயணம் என்று ஒருவர் கேட்டார்.

“கல்முனைக்கி. வீட்ட கொஞ்சம் சொகமில்ல.”

“காச்சலா மாஸ்டர்?”

“ஓம்... சொகமில்ல.”

“அப்ப கொஞ்சம் பொறுங்க, சபூர் செய்ங்க. மழ உட்டிட்டுது, இருட்ட முந்தி, மஃரிபுக்குள்ள தண்ணி வடிஞ்சிடும். பொண்டுகள் உள்ளுக்கு இரிக்கக்க நாங்க எப்பிடித் தோள் வெக்கிற? வண்டில் ஒரு பக்கம் சரிஞ்சா அவங்க எங்கட மேலதானே வந்து விழுவாங்க. மானக்கேடு மாஸ்டர். எறக்கி வெச்சிங்கெண்டா வெறும் வண்டில இந்தா இப்பவே தள்ளித் தாறம்.”

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு, “மெய்தான்” என்றார்.

மெய்யாம்! என் தலையில் தீப்பிடித்தது. நான் திரையின் முடிச்சை அவிழ்க்கப் போனேன். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு இரத்தம் போன உடம்பில் அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ.

“நீ எங்க போறா?”

“எறங்கிச் சொல்லப் போறன்.”

“வாணாம் புள்ள. இத்தின ஆம்புளயள் ஒன்னக் கண்டா நாளைக்கி ஒன்ன ஆர் முடிப்பான்?”

சாகக் கிடக்கிறவளுக்கு என் கல்யாணக் கவலை. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முடிச்சு அவிழவில்லை. திரையைக் கிழித்துக்கொண்டு குதித்தேன். முக்காடு சக்கரத்து ஆணியில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. தலை திறந்தபடி, சேலை முன்பக்கமெல்லாம் ராத்தாவின் இரத்தத்தோடு, நான் அந்த வீதியில் நின்றேன்.

“காக்காமாரே! ராத்தாக்கு ரெத்தம் போகுது! காச்சலில்ல, புள்ளப் பேறு! அல்லாவுக்காக வண்டிலத் தள்ளி உடுங்க!”

ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்த்த கணமே, “அஸ்தஃபிருல்லாஹ்” என்று கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். அவர்கள் பதறிப் போனார்கள். அதை நான் மறுக்கமாட்டேன். துணிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “பேறாம்டா, பேறாம்! மாஸ்டர், இத ஏன் நேரத்தோட சொல்லல்ல?” என்று ஒருவர் கிட்டத்தட்ட அழுதார். பிறகு அவர்கள் செய்ததைக் கேளுங்கள்.

“பேறு பாக்கிற எடத்துல ஆம்புளயளுக்கு என்ன வேல? ஊருக்குள்ள மருத்துவிச்சி இரிக்கா. பொண்டுகளக் கூட்டிட்டு வாறம் தங்கச்சி. பயப்பிடாதீங்க!”

முகத்தை என் பக்கம் திருப்பாமலே ஒருவர் இப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு ஓடினார்கள். நடக்கவில்லை, ஓடினார்கள். சேற்றில் வழுக்கி விழுந்தவர் எழும்பித் திரும்பவும் ஓடினார். ஒருவர் இரண்டு பேர் போயிருந்தால் போதும். மிச்சப் பேர் நின்று அந்த வண்டிலைத் தள்ளியிருக்கலாம். நெல்லை அக்கரை சேர்த்த அதே தோள்கள்தானே? ஆனால் பேறு என்ற சொல் காதில் விழுந்த பிறகு ஓர் ஆண்பிள்ளை அந்த இடத்தில் நிற்பது அவர்களுக்கு முடியாத காரியம். “பொண்டுகள் என்னத்துக்குடா! தோளத் தாங்கடா!” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஆண்களை நான் ‘டா’ போட்டது அன்றுதான் முதல் தடவை. அவர்கள் காது கேட்காத தூரத்துக்குப் போயிருந்தார்கள்.

“தலைக்கி மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன? எறக்குவம் மாஸ்டர்” என்றார் வண்டில்காரக் காக்கா. மாடுகள் தண்ணீரைக் கண்டு மூக்கை உதறிப் பின்வாங்கின. அவர் முன்னால் நின்று இழுத்தார். மச்சானும் நானும் ஒரே சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினோம். என் தலை திறந்திருந்ததை மச்சான் பார்த்தார். “என்ர நாக்கு, மச்சி. என்ர நாக்கு” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தாம்போதியில் கொஞ்ச தூரம் போனதும் சக்கரம் ஒரு குழியில் இறங்கி நின்றது. அதற்கு மேல் முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. பலகை இடுக்கால் தண்ணீர் உள்ளே ஏறி, சிவந்து வெளியே வடிந்தது.

நான் மேலே ஏறி ராத்தாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்குக் குளிர் நடுங்கியது. கிழிந்த இடத்தால் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

“திர தொறந்திரிக்கி புள்ள” என்றாள்.

நான் என் சேலைத் தலைப்பால் அந்த இடத்தை மறைத்துப் பிடித்தேன். காதுக்குள் கலிமாவைச் சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை கூடச் சொன்னாள். இரண்டாம் தடவை உதடு மட்டும் அசைந்தது. பிள்ளை அவள் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. அதன் முகத்தை நாங்கள் யாரும் காணவில்லை.

பெண்கள் வந்தார்கள். ஊருக்குள் வெள்ளம் ஏறிச் சனமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்க, அங்கே போய்ப் பெண்களைத் திரட்டி, அவரவர் மாப்பிள்ளையிடம் சொல்லி, முக்காடு போட்டுக் கூட்டி வர நேரம் எடுத்திருந்தது. சும்மா வரவில்லை. கேத்தலில் சுடுதண்ணீர், பழந்துணி, வண்டிலைச் சுற்றி மறைத்துப் பிடிக்க வெள்ளைச் சீலை, பேறு முடிந்தவளுக்குக் கொடுக்க அவித்த கொத்தமல்லித் தண்ணீர், எல்லாம் கொண்டு வந்தார்கள். அவர்கள் இறங்கும் வழியில் ஆண்கள் கயிறு பிடித்து, முகத்தைத் திருப்பி நின்றார்கள். மருத்துவிச்சி உள்ளே ஏறினாள். ஏறிய கையோடு இறங்கினாள். “இன்னாலில்லாஹி” என்று அவள் சொன்னது எனக்குத் தெரிந்த செய்திதான்.

மையித்தை மருதமுனைக்குக் கொண்டுபோய் அடக்க வேண்டும் என்று மச்சான் சொன்னார். பள்ளிவாசலிலிருந்து மையித்துப் பெட்டியான சந்தூக்கு வந்தது. கூடவே தொழுகை நடத்தும் ஊர் லெவ்வையும் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “உசிருக்கு ஆபத்தெண்டா எல்லாம் கூடும். ஆர் வேணுமெண்டாலும் தொடலாம், தூக்கலாம். மார்க்கம் ஒரு நாளும் அதத் தடுக்கல்ல” என்றார்.  அது அவர்கள் யாருக்கும் புதிய செய்தியல்ல.

பெண்கள் ராத்தாவைத் துணியில் சுற்றிச் சந்தூக்கில் வைத்து மூடினார்கள். அதற்குப் பிறகுதான் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தூக்கைத் தூக்குவது நன்மையான காரியம். நெல் வண்டிலைத் தள்ளியவர்கள், மீன்காரர்கள், துணிக்காரர், ஊருக்குள்ளிருந்து வந்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். “எனக்குக் கொஞ்சம் தோள் தாங்க காக்கா”, “அந்தப் பக்கம் நான் பிடிக்கிறன்” என்று ஒருவரை ஒருவர் விலக்கிக்கொண்டு தோள் மாற்றினார்கள். உயரம் குறைந்தவர்கள் கையை நீட்டி மேலே தாங்கினார்கள். கலிமா சொல்லிச் சொல்லி, சுழிப்பிலே காலை ஊன்றி ஊன்றி, அந்தத் தாம்போதியை அவர்கள் கடந்த வேகம் இருக்கிறதே! நான் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

காரைதீவுக் கரையில் சந்தூக்கை இறக்கி வைத்தார்கள். பின்னேரம் கிழவியைத் தோளில் தூக்கிப் போன அந்த நெடுத்த ஆள், தலைமுதல் கால்வரை நனைந்துபோய், மச்சானின் கைகளைப் பிடித்துக்கொண்டார். “மாஸ்டர், தங்கச்சிர மேல ஒரு சொட்டுத் தண்ணி படவிடல்ல” என்றார். எனக்கு அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல வாய் நிறைந்து வந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். நான் விழுங்கிக்கொண்டேன்.